மருவைக் காட்டுங்கள்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு, அதாவது டாக்ரோ லெவல், ரத்தத்தில் சரியாக இருக்கிறதா, சர்க்கரை ஏறிவிட்டதா, எந்த மாத்திரை இந்த மாதம் கிடைக்கவில்லை. ரிவ்யூவுக்குப் போனால் டாக்டர் கேட்பதும் இவைதான். தோலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சட்டையைக் கழற்றுங்கள், முதுகில் ஏதாவது வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு அதிகம். அதைச் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு அண்ணிதான் சிறுநீரகம் கொடுத்தார். நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெண்களே அதிகம். மனைவி, அம்மா, அக்கா என்று. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். அறுவை நல்லபடியாக முடிந்தது. டயாலிசிஸுக்கு அலைந்த அலுப்பெல்லாம் தீர்ந்து அண்ணன் மறுபடி வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போக ஆரம்பித்தார். சில வருடங்கள் கழித்து இரண்டு புறங்கைகளிலும் மரு முளைத்தது. ஒன்றிரண்டாகத் தொடங்கிக் கொத்துக் கொத்தாகப் பரவியது. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோயிலில் உப்பும் மிளகும் போடச் சொன்னார்கள். அண்ணி போட்டுவிட்டும் வந்தார். வலது மோதிர விரலில் நகத்தை ஒட்டி வந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஓரத்தில் தோல் செதில் செதிலாக வெடித்தது. அவ்வப்போது ரத்தம் கசிந்தது. நகச்சுற்று என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிட்டார்கள்.

வேறு எதற்காகவோ ஒரு தோல் மருத்துவரிடம் போனபோது, அவர் அந்த விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கிட்னி மாத்தினவங்களுக்கு ஒரு மரு மாசக்கணக்குல இப்படியே இருந்தா, சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடணும் சார்" என்றார். பயாப்ஸியில் தோல் புற்று என்று வந்தது. செதிள் செல் புற்று என்கிற வகை. நல்ல வேளையாக மேல்தோலுக்குள்ளேயே இருந்தது, கீழே இறங்கியிருக்கவில்லை. நகத்தின் ஒரு பகுதியோடு சேர்த்து அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். விரல் தப்பியது. நகத்தடியில் வரும் இந்தப் புற்றுக்குப் பெரும்பாலும் மருக்களை உண்டாக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பாப்பிலோமா வைரஸ்தான் காரணம், கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் அதே 16ஆம் எண் வகைதான் இதில் அதிகம் கிடைக்கிறது என்று அவர் சொன்னார். வெயிலால் வருவதுதானே தோல் புற்று, அதுவும் வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது புதுச் செய்தி. அன்றிலிருந்து இதைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மேற்கொண்டு போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளையின் முழங்காலில் இருக்கும் மரு புற்றாக மாறாது. சாதாரண மருவை உண்டாக்கும் வைரஸ் வகைகள் வேறு. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் மூன்றில் இரண்டு பங்கு, எந்த வைத்தியமும் இல்லாமல் இரண்டு வருடத்துக்குள் உதிர்ந்துவிடும். உப்பும் மிளகும் போட்ட பலருக்கு மரு மறைந்ததும் உண்மைதான். அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு நாள் அந்த வைரஸை அடையாளம் கண்டு விரட்டியிருக்கிறது. அந்த எதிர்ப்புச் சக்தியையே தினமும் இரண்டு வேளை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் என் கவலை.

வைரஸுக்கும் தோல் புற்றுக்கும் உள்ள உறவு முதலில் தெரியவந்தது மனிதர்களிடம் அல்ல, முயல்களிடம். அமெரிக்காவின் அயோவா, கேன்சஸ் பக்கத்துக் காட்டு முயல்கள் சிலவற்றுக்குத் தலையிலும் கழுத்திலும் கொம்பு மாதிரி கறுப்பாக முளைத்திருக்கும். வேட்டைக்காரர்களுக்கு அது பழகின காட்சி. ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் ஷோப் அந்தக் கொம்புகளை அரைத்து, பாக்டீரியாகூடப் போக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் திரவத்தை வேறு முயல்களின் கீறிய தோலில் தடவினார். அங்கேயும் கொம்பு முளைத்தது. ஆக, காரணம் ஒரு வைரஸ். 1933இல் இதை வெளியிட்டார். அப்புறம் அந்தச் சரக்கைத் தன் சக ஆய்வாளர் பெய்டன் ரௌஸிடம் கொடுத்தார். வீட்டு முயல்களின் தோலில் இந்த மருக்கள் நாளடைவில் புற்றாகவே மாறுவதை ரௌஸ் காட்டினார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொரு விஷயம். காட்டு முயலின் மருவை அரைத்தால் வைரஸ் கிடைத்தது, அடுத்த முயலுக்கு அதை ஏற்ற முடிந்தது. வீட்டு முயலின் மருவை அரைத்தபோது பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மருவை உண்டாக்கிய வைரஸ் எங்கேயோ மறைந்துவிட்டது, மரு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வேலையை ஆரம்பித்து வைத்துவிட்டு ஆள் காணாமல் போவது என்ற இந்தப் புதிர் 90 ஆண்டுகள் கழித்தும் மனிதத் தோல் புற்று ஆராய்ச்சியில் தொடர்கிறது. கோழிகளின் புற்றுக்கு வைரஸ் காரணம் என்று 1911இலேயே காட்டிய ரௌஸுக்கு நோபல் பரிசு வந்தது 1966இல். அப்போது அவருக்கு 87 வயது. வைரஸால் புற்று வரும் என்பதை ஏற்க மருத்துவ உலகம் எவ்வளவு தயங்கியது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மனிதர்களில் முதல் தடயம் ஓர் அபூர்வ நோயிலிருந்து வந்தது. 1922இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் உடம்பெங்கும் தட்டையான மருக்கள் பரவிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே வந்த தோல் கோளாறு என்பது அவர்கள் கணிப்பு. இது வைரஸால் வருவது, தோலின் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தால் பற்றும் என்பது பிறகு தெரிந்தது. போலந்தின் வார்சாவில் ஸ்டெஃபானியா யப்வோன்ஸ்கா என்ற தோல் மருத்துவர் இந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்தார். இவர்களில் மூன்றில் ஒருவருக்காவது நடுவயதுக்குள் நெற்றி, கன்னம், புறங்கை போன்ற வெயில் படும் இடங்களில் செதிள் செல் புற்று வந்தது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜெரார் ஓர்த் அந்தப் புற்றுக்கட்டிகளுக்குள் பாப்பிலோமா வைரஸின் 5ஆம் வகையைக் கண்டெடுத்தார். மனிதத் தோல் புற்றுக்குள் பாப்பிலோமா வைரஸ் கையும் களவுமாகப் பிடிபட்டது அப்போதுதான். கருப்பை வாய்ப் புற்றில் ஹரால்ட் சுர் ஹவுசன் 16ஆம் வகையைக் கண்டது அதற்குப் பிறகு, 1983இல். ஆனாலும் உலகத்துக்குத் தெரிந்த கதை கருப்பை வாயின் கதைதான். யப்வோன்ஸ்காவின் பெயரை நம் மருத்துவ மாணவர்களிலேயே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இந்த நோய் நமக்கு அந்நியமானது இல்லை. இது பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால் வருவது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் உள்ள தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு கூடுதல். இந்தியத் தோல் மருத்துவ இதழ்களில் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிறு வயதில் கழுத்திலும் நெஞ்சிலும் வெளிறிய திட்டுகளாகத் தொடங்குவதால், பார்க்க அப்படியே தேமல் மாதிரி இருக்கும். தேமல் மருந்து தடவியே வருடங்கள் ஓடிவிடும். எத்தனை தடவினாலும் போகாத தேமல், அதோடு கைகால்களில் தட்டை மரு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே மாதிரி என்றால் தோல் மருத்துவரிடம் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறையுள்ள மரபணுக்கள் எவை என்பது 2002இல் தெரிந்தது. நம் தோல் செல்களில் சில புரதங்கள் சேர்ந்து ஒரு தடுப்பு மாதிரி வேலை செய்கின்றன. சாதாரண மருவை உண்டாக்கும் வைரஸ்களிடம் அந்தத் தடுப்பை உடைக்கும் கருவி உண்டு. 5, 8 போன்ற எண்களைக் கொண்ட பீட்டா வகை வைரஸ்களிடம் அந்தக் கருவி இல்லை. அதனால் நம்மில் பெரும்பாலோர் தோலில் அவை பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. தடுப்பே இல்லாமல் பிறந்தவர்களிடம் மட்டும் தலைவிரித்து ஆடுகின்றன.

அடங்கிக் கிடக்கின்றன என்று சொன்னேன் அல்லவா, அது நம் எல்லோர் தோலிலும்தான். பீட்டா வகைப் பாப்பிலோமா வைரஸ்கள் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே தாயின் தோலிலிருந்தும் வீட்டாரின் தோலிலிருந்தும் நமக்கு வந்துவிடுகின்றன. மயிர்க்கால்கள் அவற்றின் இருப்பிடம். ஆய்வாளர்கள் இவற்றைத் தேட வேண்டுமென்றால் புருவத்திலிருந்து சில முடிகளைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். நோயில்லாத மனிதர்களின் புருவ முடியிலும் கிடைக்கின்றன. எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் வாழ்நாள் முழுக்க இருக்கின்றன. எதிர்ப்புச் சக்தியின் டி செல்கள், அதாவது வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் வெள்ளணுக்கள், அவற்றைக் கண்ணிலேயே வைத்திருக்கும் வரைக்கும் சரி.

இப்போது மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு வருவோம். உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க நாம் டி செல்களைத்தான் அடக்குகிறோம். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் எல்லாம் அதற்குத்தான். விளைவு என்ன? மேலை நாடுகளில் எடுத்த கணக்குப்படி, இவர்களுக்குத் தோலில் செதிள் செல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 65 முதல் 250 மடங்கு. மெலனோமா என்னும் கருமைப் புற்று கூடுவது சில மடங்குதான். இந்த வித்தியாசம் முக்கியமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், உறுப்பு மாற்றி 20 ஆண்டுகள் ஆனவர்களில் 10 பேரில் 7 பேருக்குத் தோல் புற்று வந்திருந்தது. அங்கே வெயிலும் வெள்ளைத் தோலும் சேர்ந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனால் அதே வெயில், அதே தோல், உறுப்பு மாற்றாத ஆஸ்திரேலியர்களுக்கும் உண்டே.

2007இல் சிட்னியைச் சேர்ந்த ஆண்ட்ரூ க்ரூலிச்சும் குழுவினரும் ஒரு நல்ல ஒப்பீடு செய்தார்கள். எச்ஐவி தொற்றியவர்கள் ஒரு பக்கம், உறுப்பு மாற்றியவர்கள் இன்னொரு பக்கம். வாழ்க்கை முறை, வயது, நோய் எல்லாம் வெவ்வேறு. இரு தரப்புக்கும் பொதுவானது எதிர்ப்புச் சக்தி குறைவு ஒன்றுதான். இரு தரப்பிலும் கூடியிருந்த புற்றுகளைப் பார்த்தால் அநேகமாக அதே பட்டியல், அதில் பெரும்பாலானவை கிருமிகளால் வருபவை. மார்பகப் புற்று, புரோஸ்டேட் புற்று போன்றவை கூடவில்லை. உடம்பின் காவல் தளர்ந்தால் எல்லாப் புற்றும் ஒரே அளவில் பெருகுவதில்லை, கிருமியின் கை உள்ள புற்றுகள்தான் பெருகுகின்றன என்று இதிலிருந்து தெரிகிறது.

இந்த இடத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. மாற்று உறுப்பு பெற்றவர்களின் தோல் புற்றை எடுத்து உள்ளே தேடினால், பீட்டா வைரஸ் ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஒரு செல்லுக்கு ஒரு வைரஸ்கூடத் தேறாது. புற்றுக்கு முந்தைய வெயில் செதில்களில் அதிகம், புற்றில் குறைவு. ஷோப்பின் வீட்டு முயல் மாதிரிதான். ஒரு தரப்பு சொல்வது இது: வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மரபணு சிதைந்த செல், ஒன்று தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும் அல்லது செத்துவிட வேண்டும். பீட்டா வைரஸின் இ6 புரதம் இரண்டையும் தடுக்கிறது. சிதைவோடு அந்தச் செல் வாழ்கிறது, பெருகுகிறது. சிதைவுகள் போதுமான அளவு சேர்ந்த பிறகு வைரஸ் தேவையில்லை. பிரான்சின் லியோனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையத்தில் இதை எலிகளில் காட்டினார்கள். 38ஆம் வகை வைரஸின் மரபணுக்களைத் தோலில் வைத்துப் புற ஊதாக் கதிரைக் காட்டியபோது புற்று வந்தது. புற்று வந்த பிறகு அந்த மரபணுக்களை நீக்கினாலும் கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

மறு தரப்பு 2019இல் நேச்சர் இதழில் வந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஷான் டெமெரியின் குழு, எலிப் பாப்பிலோமா வைரஸ் தொற்றிய எலிகளுக்குத் தோல் புற்று குறைவாக வருவதைக் கண்டது. வைரஸை எதிர்க்கப் பழகிய டி செல்கள், வைரஸ் ஒளிந்திருக்கும் சிதைந்த செல்களையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. அப்படியானால் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குப் புற்று வருவது வைரஸ் செய்த தீமையால் அல்ல, வைரஸை எதிர்க்கும் டி செல்கள் தந்துவந்த பாதுகாப்பு போய்விட்டதால். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் தோலில் வாழும் ஒரு வைரஸ் நமக்குக் காவலும் பழக்கித் தருகிறது என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம்!

2025 ஜூலையில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களிலிருந்து ஒரு நோயாளியின் கதை வெளிவந்தது. 34 வயதுப் பெண். நெற்றியில் செதிள் செல் புற்று. வெட்டி எடுத்தார்கள், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டுப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்தது. அவருடைய செல்களுக்கு வெயிலின் சிதைவைச் சரிசெய்யத் தெரியவில்லை என்பதுதான் முதலில் இருந்த சந்தேகம். கட்டியின் மரபணுவை முழுக்கப் படித்துப் பார்த்தபோது, சரிசெய்யும் வேலை ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் 19ஆம் வகை பீட்டா வைரஸ் அவருடைய மரபணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்து புரதம் தயாரித்துக்கொண்டிருந்தது. இந்த வகை வைரஸ் அப்படிச் செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறவியிலேயே அவருடைய டி செல்களுக்குள் சமிக்ஞை போகும் பாதையில் குறை இருந்தது. கொடையாளரிடமிருந்து ரத்தத் தண்டு செல்களைப் பெற்று எதிர்ப்பு மண்டலத்தையே மாற்றினார்கள். நெற்றிப் புற்று மட்டுமல்ல, உடம்பில் இருந்த மற்ற பாப்பிலோமா தொந்தரவுகளும் போயின. சுமார் மூன்று ஆண்டுகள் ஆகியும் திரும்பவில்லை.

வைரஸே நேரடியாகவும் செய்கிறது, டி செல் பாதுகாப்பு போவதாலும் வருகிறது, இரண்டும் உண்மை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. யாருக்கு எது என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. எந்தத் தரப்பு சரியென்றாலும் எங்கள் அண்ணன் போன்றவர்களுக்குச் செய்ய வேண்டிய காரியம் மாறவில்லை.

வைரஸால் வரும் தோல் புற்றுகளில் கதை முழுசாகத் தெரிந்தது மெர்க்கல் செல் புற்றில்தான். 1972இல் சிரில் டோக்கர் என்ற நோயியலாளர் முதலில் விவரித்த அபூர்வப் புற்று இது. வலியில்லாத, சிவப்போ ஊதாவோ கலந்த ஒரு கட்டி. சில வாரங்களில் கிடுகிடுவென்று வளரும். முதியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அதிகம் வருவதைப் பார்த்த அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத் தம்பதி யுவான் சாங், பேட்ரிக் மூர் இருவருக்கும் இதில் வைரஸ் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எந்த வைரஸ் என்று தெரியாமல் எப்படித் தேடுவது? கட்டியில் வேலை செய்துகொண்டிருந்த மரபணுத் துண்டுகளை ஏறக்குறைய 4 லட்சம் படித்தார்கள். மனிதனுடையது என்று தெரிந்த ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே வந்தார்கள். எல்லாம் கழித்த பிறகு மிஞ்சிய துண்டுகளில் ஒன்று, பாலியோமா வைரஸ் குடும்பத்தின் சாயலில் இருந்தது. அந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு முழு வைரஸையும் வெளியே எடுத்தார்கள். சோதித்த 10 கட்டிகளில் 8இல் அது இருந்தது. 2008 ஜனவரியில் சயன்ஸ் இதழில் அறிவித்தார்கள்.

இந்த வைரஸும் ஊரெல்லாம் இருப்பதுதான். பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது வந்துபோனதன் அடையாளம் ரத்தத்தில் உண்டு. அத்தனை பேருக்கும் புற்று வராததற்குக் காரணம், இரண்டு அபூர்வ விபத்துகள் ஒரே செல்லில் சேர்ந்து நடக்க வேண்டும். வைரஸ் நம் மரபணுவுக்குள் தவறுதலாகச் செருகிக்கொள்ள வேண்டும். அதன் முக்கியப் புரதம் பாதியில் வெட்டுப்பட்டு, பெருகும் திறனை இழக்க வேண்டும். வைரஸுக்கு அது முடிவு. ஆனால் வெட்டுப்பட்ட அந்தப் புரதம் செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி அதைக் கவனிக்கத் தவறினால் புற்று. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே இந்தப் புற்று பெரும்பாலும் வைரஸ் இல்லாமல் வெயிலாலேயே வருகிறது. அப்படி வைரஸ் இல்லாத கட்டிகளில் மரபணுச் சிதைவுகள் சுமார் 100 மடங்கு அதிகம். அத்தனை சிதைவுகள் செய்யும் வேலையை ஒரு வைரஸ் தனியாளாகச் செய்துவிடுகிறது.

கபோசி சர்கோமாவுக்குக் காரணமான வைரஸையும் இதே தம்பதிதான் 1994இல் நியூயார்க்கில் இருந்தபோது கண்டுபிடித்தார்கள். வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி 1872இல் எழுதிய நோய் அது. தோலில் ஊதா நிறத் திட்டுகளாக வரும். எய்ட்ஸ் பரவிய காலத்தில் உலகமே அதை அறிந்தது. இந்தியாவில் குறைவு என்பதால் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: இத்தாலியில் 2005இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் மாற்றிய பிறகு கபோசி வந்த 15 பேருக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினை நிறுத்தி, அதே வேலைக்கான இன்னொரு மருந்தான சிரோலிமஸுக்கு மாற்றினார்கள். தோல் திட்டுகள் மறைந்தன, சிறுநீரகமும் தப்பியது.

நம் தோலுக்கு வராது என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது. பீட்டா வைரஸ் பற்றி முன்னே சொன்ன அந்தப் பிறவி நோய்கூட, ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவருக்கு வந்தால் புற்றாக மாறுவது அபூர்வம். ஆனால் மெலனின் வைரஸை ஒன்றும் செய்யாது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மாற்று உறுப்பு பெற்ற வெள்ளையரல்லாதவர்களின் தோலை ஒழுங்காகப் பரிசோதித்தபோது, கறுப்பினத்தவருக்கு வந்த செதிள் செல் புற்றுகள் வெயில் படாத இடங்களில் இருந்தன. சோதித்தவற்றில் பாப்பிலோமா வைரஸ் இருந்தது. பிறப்புறுப்பு, தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் என்று யாரும் பார்க்காத, நோயாளியும் சொல்லக் கூச்சப்படும் இடங்கள் அவை. புறங்கையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் தப்பிவிடும். 2008இலிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக் கொடையை முறைப்படுத்தி நடத்தும் மாநிலம் தமிழ்நாடு. முதலமைச்சர் காப்பீட்டில் ஏழைக் குடும்பங்களுக்கும் அறுவை நடக்கிறது. புது உறுப்போடு நீண்ட காலம் வாழ்பவர்கள் வருடா வருடம் பெருகுகிறார்கள். தோலில் வைரஸ் செய்யும் வேலை தெரிய வருவது அப்படி நீண்ட காலம் வாழ்பவர்களிடம்தான். வருடத்துக்கு ஒரு முறை தோல் மருத்துவர் பார்வை என்பதை ரிவ்யூ அட்டையிலேயே அச்சடித்துவிடலாம். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம். நல்ல வெளிச்சமும், ஒரு மறைப்புத் திரையும், பொறுமையுள்ள ஒரு டாக்டரும் போதும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை: ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் மரு, அடி கெட்டியாகி வலிக்கும் மரு, ஒரே ஒரு விரலில் மட்டும் நகத்தை ஒட்டி மாதக்கணக்கில் போகாத செதில், சில வாரங்களில் பெருத்துவிட்ட வலியில்லாத கட்டி, உதட்டில் ஆறாத வெடிப்பு. முதுகும் பிட்டமும் தனக்குத் தெரியாது, வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு அண்ணி பார்க்கிறார். இவற்றை மருக்கொல்லி மருந்து, சுண்ணாம்பு, காரம் வைத்துச் சுட வேண்டாம். சுட்ட புண்ணில் அடியில் என்ன இருந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

வெயிலும் முக்கியம்தான். அதிலும் எதிர்ப்புச் சக்தியை அடக்க அசத்தையோப்ரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதல் முக்கியம். அந்த மருந்து தோல் செல்லின் மரபணுவுக்குள் போய், புற ஊதாக் கதிர் பட்டதும் சிதைவை உண்டாக்கும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, உச்சி வெயிலில் வயலில் நிற்காமல் இருப்பது எல்லாம் காசில்லாத வழிகள். கருப்பை வாய்ப் புற்றுக்கான தடுப்பூசி 16, 18 போன்ற வகைகளைத் தடுக்கும். பிறப்புறுப்பைச் சுற்றிய தோலுக்கும் அதில் பலன் உண்டு. பீட்டா வகைகள் அதில் இல்லை. அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

மருந்து மாற்றம் பற்றிக் கடைசியாக. தோல் புற்று ஒரு முறை வந்தவர்களுக்கு சிரோலிமஸுக்கு மாற்றினால் மறுபடி வருவது குறைகிறது என்று ஐரோப்பாவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அண்ணனுக்கும் அப்படித்தான் மாற்றினார்கள். வாய்ப்புண், கால் வீக்கம், கொழுப்பு ஏறுவது என்று அதற்கும் தொந்தரவுகள் உண்டு. பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். புற்றுக்குக் கொடுக்கும் இம்யூனோதெரபி மருந்து, அடக்கி வைத்த டி செல்களைத் தட்டி எழுப்புவதால் மாற்றுச் சிறுநீரகத்தையே தாக்கிவிடலாம். எனவே இந்த முடிவுகளைச் சிறுநீரக டாக்டரும் தோல் டாக்டரும் சேர்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும். ஒருவர் சீட்டை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், இரண்டு பேரின் தொலைபேசி எண்ணையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இதையெல்லாம் படித்த பயத்தில் டாக்ரோ மாத்திரையை ஒரு வேளைகூட நீங்களாகக் குறைக்காதீர்கள். இப்படி ஆரம்பத்திலேயே பிடிபடும் தோல் புற்றைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். உடம்பு தள்ளிவிட்ட சிறுநீரகத்துக்கு மாற்று கிடைக்க வருடக்கணக்கில் பட்டியலில் காத்திருக்க வேண்டும்.